‘ஒருவகைப் பறவை’ – இன்னும் எத்தனை காலம்?

பரவைக்கடலை அடுத்திருந்த ஒரு பாடசாலையில் நான் தமிழ் கற்பித்துக் கொண்டிருந்த காலம். உயர்தர வகுப்பில் அன்று நெய்தற்றிணைப் பாடல் ஒன்று. பாட்டில் ஒரு குருகு வந்தது. என் கையிலிருந்த உரைநூல், “குருகு – ஒருவகை நீர்ப்பறவை” என்றது. நானும் அவ்வாறே சொன்னேன். மாணவர் அவ்வாறே எழுதிக் கொண்டனர். கடைசி வாங்கில் இருந்த மீனவர் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “சேர், எந்த வகை? உதிலை நாலு வகை நிக்குது” என்றான்.

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை எழுப்பி, அந்த நாலு வகையையும் சொல்லும்படி கேட்டேன். கரையோரம் தனித்து அசையாமல் நிற்பது ஒன்று. சேற்றைக் காலாற் கலக்கி மீனைக் கிளப்பிக் கொத்துவது மற்றொன்று. மாடு மேயுமிடத்தில் மாட்டின் பின்னாலேயே திரிவது வேறொன்று. தூரத்தே கூட்டமாகத் தலையைத் தண்ணீருக்குட் கவிழ்த்து நிற்பது மாரியில் வருவது என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு பெயர் இருந்தது. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் சங்க இலக்கியம் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு அவற்றுள் ஒன்றைத் தானும் சரியாக இனங்காட்டத் தெரியவில்லை. ஆயினும் பரீட்சையிற் குருகுக்குப் பொருள் கேட்டால் புள்ளி கிடைப்பது உரைநூலை மனனம் செய்தவனுக்கே. அந்தப் பிள்ளையின் அறிவுக்கு எமது விடைத்தாளில் இடமில்லை.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிச் சொன்னார் என்று மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். அவற்றுள் எத்தனையை எம்மால் வேலியோரத்திற் சுட்டிக்காட்ட முடியும்? ‘ஒருவகைப் பூ’, ‘ஒருவகை மரம்’, ‘ஒருவகைப் பறவை’ என்று எழுதி எழுதியே ஒரு மொழியின் கண்ணைக் கட்டிவிட்டோம். இயற்கையோடு ஒட்டி வாழ்ந்த இனம் என்று மார்தட்டுபவர்கள் தம் வீட்டுக் கூரையிற் கூடு கட்டும் குருவியை ஒரு நாளேனும் உற்றுப் பார்த்ததுண்டா?

இக்குறையைத் தனி ஆசிரியர் ஒருவரின் சோம்பலாகக் கருதித் தீர்ப்புக் கூறிவிட முடியாது. அறிவு தனி மனிதர் மூளையில் மட்டும் தங்கி நிற்பதில்லை. அதனைச் சேகரிக்கவும், சரிபார்க்கவும், அச்சிடவும், அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கவும் ஸ்தாபனங்கள் வேண்டும். அத்தகைய ஸ்தாபனம் ஒன்று எவ்வாறு தோன்றி வளர்கின்றது, யார் கையில் வளர்கின்றது, யார் மொழியிற் பேசுகின்றது என்பதைக் கண்டாலன்றி எமது குறைக்கு மருந்து காண முடியாது. அதற்கு ஏற்ற உதாரணமாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை எடுத்துக் கொள்வோம்.

* * *

1883 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15 ஆம் திகதி எண்மர் பம்பாய் நூதனசாலையிற் கூடி அச்சங்கத்தை அமைத்தனர். அறுவர் ஆங்கிலேயர், இருவர் இந்தியர். அவ்விருவருள் ஒருவரான ஆத்மாராம் பாண்டுரங் பிரார்த்தனா சமாஜத்தைத் தோற்றுவித்த சீர்திருத்தவாதி. மற்றவரான சகாராம் அர்ஜுன் மருத்துவர். தாவரவியலில் ஈடுபாடு கொண்டவர். தாம் கண்டவற்றையும் சேகரித்தவற்றையும் ஒருவருக்கொருவர் காட்டிப் பேசுவதே அவர்களது நோக்கமாக இருந்தது. மது வணிகரான பிப்ஸன் தம் கடையிலேயே சங்கத்துக்கு இடம் கொடுத்தார். 1886 இற் சங்கத்தின் ஆய்வுச் சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது. இன்றும் அது வெளிவருகின்றது.

சங்கத்தின் சின்னம் ஒரு பெரிய இருவாட்சிப் பறவை. ‘வில்லியம்’ என்று பெயரிடப்பட்ட அப்பறவை 1894 முதல் 1920 வரை சங்க அலுவலகத்திலேயே வாழ்ந்தது. அப்பறவையின் கதையைச் சங்கத்தார் அன்போடு சொல்வர். சொல்லட்டும். ஆனால் அக்கதையின் மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். அக்காலச் சங்கத்தின் அங்கத்தவர்கள் யார்? சிவில் சேவை உத்தியோகத்தர், இராணுவ அதிகாரிகள், காட்டிலாகாத் துரைமார், தோட்ட முதலாளிகள். அவர்களுட் பலர் வேட்டைக்காரர். துப்பாக்கியாலேயே இயற்கையைக் கற்றவர்கள். 1911 இல் தொடங்கி 1923 வரை இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் பாலூட்டிகளைப் பற்றிச் சங்கம் பெரியதோர் அளவாய்வை நடத்தியது. விஞ்ஞானத்துக்கு அதனால் விளைந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் காட்டுக்குள் வழி காட்டியவன், பொறி வைத்தவன், தோலுரித்தவன், பொதி சுமந்தவன் ஆகியோரின் பெயர்கள் எங்கே? ஆய்வேட்டின் தலைப்பில் துரையின் பெயர் இருக்கின்றது. விலங்கின் விஞ்ஞானப் பெயரில் துரையின் நண்பர் பெயர் இருக்கின்றது. காட்டு மனிதனின் அறிவு மட்டும் பெயரில்லாமற் கரைந்து போயிற்று.

எமது நாட்டிலும் இதே கதைதான். பேராதனைப் பூங்காவில் 38 ஆண்டுகள் தாவரங்களை வரைந்த ஹர்மானிஸ் டி அல்விசையும், இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய மூர் என்பவரின் பெருநூலுக்குச் சித்திரம் எழுதிய அவருடைய புதல்வர்களையும் எத்தனை பேர் அறிவர்? நூல் மூரின் பெயரால் உலகெங்கும் அறியப்படுகின்றது. சித்திரங்களின்றி அந்நூலுக்கு உயிர் ஏது?

இன்னொன்றையும் மறத்தலாகாது. மலைநாட்டுக் காடுகளை அழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்களும், அக்காடுகளின் பறவைகளையும் பூச்சிகளையும் பற்றி அழகிய ஆங்கிலத்தில் எழுதியவர்களும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினர். கோடரி தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்க் கூலித் தொழிலாளியின் கையில் இருந்தது. கட்டளையும் இலாபமும் துரையிடம் இருந்தன. மேஜர் றொஜேர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகின்றது. அத்தகைய வேட்டையால் விலங்குகள் அருகத் தொடங்கிய பின்னரே, 1894 இல், வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கும் சங்கம் இலங்கையிலே தோன்றியது. சுடுவதற்கு நாளையும் ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா?

* * *

ஆயினும் வரலாற்றை ஒருபக்கமாகப் பார்ப்பது எமது முறையன்று. ஏகாதிபத்தியம் இட்ட இருப்புப்பாதையில் தொழிலாளர் இயக்கமும் பயணம் செய்தது. அதுபோல, துரைமார் அமைத்த சங்கத்துக்குள்ளும் வேறொரு விதை விழுந்தது.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், சலீம் அலி என்ற சிறுவன், தான் சுட்ட குருவியொன்றின் கழுத்து மஞ்சளாக இருப்பதைக் கண்டு வியந்து, அதன் பெயரறிய அந்தச் சங்கத்தின் வாயிலுக்குச் சென்றான். சங்கச் செயலாளராயிருந்த மிலார்ட் அவனை விரட்டவில்லை. உள்ளே அழைத்து, சேகரிப்பிலிருந்த பறவைகளைக் காட்டி, அவற்றை எவ்வாறு இனங்காண்பது என்று கற்பித்தார். அச்சிறுவன் வளர்ந்தான். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அரசாங்க விலங்கியல் நிறுவனத்திலே பதவி கிடைக்காது போயிற்று. ஆனால் நூதனசாலையில் மக்களுக்கு விளக்கம் கூறும் வேலை கிடைத்தது. 1941 இல் அவர் எழுதிய ‘இந்தியப் பறவைகள் நூல்’ வெளிவந்தது. 1948 இற் பிறேற்றர் என்பவரின் விலங்குகள் பற்றிய நூலைச் சங்கம் வெளியிட்டது. 1968 முதல் 1974 வரை சலீம் அலியும் டில்லன் றிப்ளியும் எழுதிய பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. இந்தியா, பாக்கிஸ்தான் முதலிய நாடுகளோடு இலங்கையின் பறவைகளும் அத்தொகுதிகளில் அடங்கும்.

ஆய்வுச் சஞ்சிகை அறிஞர்களுக்கு. பறவை நூல் பொதுமக்களுக்கு. 1976 இல் தொடங்கிய ‘ஹோர்ன்பில்’ சஞ்சிகை ஆர்வலருக்கு. கோரேகாவ்னில் தேசியப் பூங்காவின் எல்லையில் அமைந்த கல்வி நிலையம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு என்று சங்கம் படிப்படியாக வளர்ந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் அதன் சேகரிப்பில் உள்ளன. இந்த வளர்ச்சியின் இரகசியம் என்ன? கட்டடமா, பணமா? என் கருத்தில், வாயிலுக்கு வந்த சிறுவனை உள்ளே அழைத்த அந்தச் செய்கையே அதன் மூலவித்து. சேகரித்ததைத் திறந்து காட்டு, காட்டியதை அச்சிடு, அச்சிட்டதை மலிவாக்கு என்ற இம்மூன்றையும் எந்த அளவுக்குச் செய்தார்களோ அந்த அளவுக்கே சங்கம் வளர்ந்தது.

எங்கே குறைந்தது? மொழியில். 1883 இற் கூடிய எண்மர் ஆங்கிலத்திற் பேசினர் என்பதை விளங்கிக் கொள்ளலாம். சுதந்திரத்துக்குப் பின்னரும் அச்சங்கத்தின் சிந்தனை மொழி ஆங்கிலமாகவே பெரும்பாலும் இருந்து வந்தது. கோடியக்கரையில் அச்சங்கத்தார் பல்லாண்டுகள் வலை கட்டி, பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவித்து, அவற்றின் வலசையை ஆராய்ந்தனர். கோடியக்கரைக்கு இப்பால் கடல். கடலுக்கு இப்பால் நாம். பறவைக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. எமது பரவைக்கடலில் மாரியில் இறங்கும் பறவையின் காலில் அந்த வளையம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆய்வின் முடிவுகள் வேதாரணியத்து உப்பளத் தொழிலாளிக்கோ வடமராட்சி மீனவனுக்கோ அவன் மொழியில் எத்தனை முறை சொல்லப்பட்டன?

பணம் எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வியும் உண்டு. 1970 களில், இச்சங்கத்தின் வலசைப் பறவை ஆய்வுக்கு அமெரிக்க இராணுவத் தொடர்புள்ள திட்டமொன்றிலிருந்து உதவி கிடைத்தமை குறித்து இந்திய நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு கேள்வி எழுப்பியது. ஆய்வாளர்களின் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் மக்களின் சல்லிக் காசினால் இயங்காத ஸ்தாபனம் எவரெவருடைய காசோலைக்கோ கை நீட்ட வேண்டி வரும் என்பதை அச்சம்பவம் தெளிவாக்குகின்றது.

* * *

இங்கு எம்மவர் சிலர் குறுக்கிடுவர். “தோழரே, சம்பளம் போதாமல் ஆசிரியர் வீதியில் நிற்கின்றனர், தோட்டத் தொழிலாளிக்கு லயத்தை விட்டால் வீடில்லை, காணாமற் போனோரின் தாய்மார் இன்னும் தெருவில் இருக்கின்றனர். இந்நிலையில் நீர் குருவி பார்க்கச் சொல்கின்றீரா?” என்பர். நியாயமான கேள்விதான். இதற்கு மறுமொழி சொல்லாமல் மேலே செல்வது நேர்மையன்று.

மன்னாரைப் பாருங்கள். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கு நோக்கி வரும் பறவைகளின் வான்வழியில் அத்தீவு இருக்கின்றது. பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் அங்கே இறங்குகின்றன. வங்காலை சரணாலயம் 2010 இல் ராம்சார் சாசனப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2020 இல் அரசாங்க மின்சார சபையின் காற்றாலைகள் அத்தீவில் இயங்கத் தொடங்கின. பின்னர் இந்தியப் பெருங்கம்பனி ஒன்றின் காற்றாலைத் திட்டம் வந்தது. வழக்குகள் தொடரப்பட்டன. 2025 பெப்ரவரியில் அக்கம்பனி திட்டத்திலிருந்து விலகிக் கொண்டது. அதே ஆண்டிற் காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் நாட்கணக்கில் வீதியில் இருந்தனர்.

நான் காற்று மின்சாரத்தின் எதிரியல்லன். நிலக்கரிப் புகையை விட அது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு, யார் இலாபத்துக்கு என்று தீர்மானிக்கும் பேச்சில் யார் வாய் திறக்க முடிகின்றது? ஒருபுறம் நிபுணர்களின் தடித்த அறிக்கை. அட்டவணைகள், இலத்தீன் பெயர்கள். மறுபுறம் மூன்று தலைமுறையாக அந்தக் கடலைப் பார்த்து வாழ்ந்த மனிதன். எந்த மாதத்தில் எந்தப் பறவை எந்தத் திடலில் இறங்கும் என்று அவன் அறிவான். மழைநீர் எவ்வழியாக வடிந்து கடலை அடையும் என்று அறிவான். ஆனால் அவன் அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் இல்லாததை நீதிமன்றம் எப்படிக் கணக்கெடுக்கும்? “பறவைகள் வரும், ஐயா” என்று அவன் சொன்னால், “எந்தப் பறவை? எத்தனை? எந்த ஆண்டு?” என்று கேட்பார்கள். அப்போது அவன் கையிற் கொடுக்க எம்மிடம் என்ன இருக்கின்றது? ‘ஒருவகைப் பறவை’ என்ற உரைக்குறிப்பா?

பெயர் தெரியாத பொருள் பறிபோனால் முறைப்பாடு எழுதவும் முடியாது. நிலத்தையும் நீரையும் பற்றிய அறிவு, அவற்றின் மீது மக்களுக்குள்ள உரிமையின் பகுதி. ஆகவே குருவி பார்ப்பது கனவான்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கித் தள்ளும் தோழர், அந்த அறிவைக் கனவான்களிடமே விட்டுவிடுகின்றார். சம்பளப் போராட்டத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. தன் கடலை இழந்த மீனவனுக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடமில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகின்றேன்.

* * *

வேறு வழியில் வளர்ந்த ஸ்தாபனம் ஒன்றும் உண்டு. அயலிலேயே உண்டு. 1962 இற் கோழிக்கோட்டில் எழுத்தாளர் சிலரும் விஞ்ஞானிகள் சிலரும் கூடிக் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தைத் தொடங்கினர். விஞ்ஞானத்தை மலையாளத்தில் எழுதுவதே அவர்களது முதல் நோக்கம். 1966 இல் ‘சாஸ்திரகதி’ என்ற சஞ்சிகை பிறந்தது. 1969 இல் உயர்பள்ளி மாணவருக்குச் ‘சாஸ்திர கேரளம்’; 1970 இற் சிறுவருக்கு ‘யுரேக்கா’. எழுதியவர்களிலும் விற்றவர்களிலும் பெரும்பாலார் யார் தெரியுமா? எம்மைப் போன்ற ஆசிரியர்கள். ஊர் ஊராகக் கலைப்பயணம் சென்று, நாடகமும் பாட்டும் நடத்தி, அந்த ஊரவரிடம் நன்கொடை கேளாமல் நூலை வாங்கச் சொன்னார்கள். நூல் விற்ற காசே இயக்கத்தின் முதுகெலும்பு. சமூகப் புரட்சிக்காகவே விஞ்ஞானம் என்பதை 1970 களிலேயே தம் கொள்கையாகப் பிரகடனம் செய்தார்கள்.

அந்த இயக்கத்தின் உரைகல் அமைதிப் பள்ளத்தாக்கு. குந்திப்புழை ஆற்றை மறித்து நீர்மின் அணை கட்டக் கேரள மின்சார சபை திட்டமிட்டது. பழமையான மழைக்காடு, சிங்கவாற் குரங்குகளின் வாழிடம். இடதுசாரித் தோழர்கள் பலரே அன்று அணையை ஆதரித்தார்கள் என்பதை இங்கு மறைக்காமற் சொல்ல வேண்டும். மலபாருக்கு மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும் என்பது அவர்கள் வாதம். பரிஷத்துக்காரர் வெறுமனே காட்டழகைப் பாடவில்லை. தாவரவியலாளர், பொறியியலாளர், பொருளியலாளர் ஒன்றுகூடி, மின்சாரத்தை வேறு வழியிற் பெறுவது எப்படி, கடத்தும்போது வீணாவதைக் குறைப்பது எப்படி என்று கணக்குப் போட்டு மலையாளத்தில் அச்சிட்டு மக்கள் முன் வைத்தனர். சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் கவிதையோடு தெருவுக்கு வந்தனர். பம்பாய்ச் சங்கமும் சலீம் அலியும் குரல் கொடுத்தனர். திட்டம் கைவிடப்பட்டது. 1984 இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று.

இரண்டு ஸ்தாபனங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. பம்பாய்ச் சங்கத்தின் நூற்றாண்டுச் சேகரிப்பும் சலீம் அலியின் சொல்லுக்கு இருந்த மதிப்பும் இன்றியமையாதவை. ஆனால் அவற்றை மக்களின் கோபமாக மாற்றியது மலையாளத்தில் அச்சான மலிவான பிரசுரங்கள். துல்லியம் ஒரு கை. தாய்மொழி மறு கை. ஒரு கையாற் கைதட்ட முடியாது.

தமிழிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் கானுயிர் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரைகளைப் பெருமாள்முருகன் திரட்டி 2010 இல் நூலாக்கினார். க. ரத்னம் தமிழிற் பறவைப் பெயர்களைத் திரட்டினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ என்ற சிறுவர் சஞ்சிகையை நடத்தி வருகின்றது. வணங்கத் தக்க பணிகள். ஆனால் எமது களப்பையும் எமது வன்னிக் காட்டையும் எமது மலைநாட்டையும் தமிழ்நாட்டார் வந்து எழுதித் தர மாட்டார்கள்.

* * *

எம் நாட்டில் என்ன இருக்கின்றது? கொழும்பு நூதனசாலை 1877 இல் தோன்றியது. 1903 முதல் ‘ஸ்பொலியா சைலனிக்கா’ என்ற ஆய்வுச் சஞ்சிகை. 1936 முதல் ‘லோறிஸ்’. 1955 இல் ஹென்றி எழுதிய இலங்கைப் பறவைகள் நூல். எல்லாம் ஆங்கிலம். இவற்றின் தரத்தைக் குறைகூற நான் யார்? ஆனால் நான் கற்பித்த பாடசாலைகளின் நூலகங்களில், ஒரு மாணவன் கையில் எடுத்துச் சென்று, பறவையைப் பார்த்து, படத்தோடு ஒப்பிட்டு, தமிழிற் பெயரறியத் தக்க ஒரு சிறு நூலை நான் கண்டதில்லை. தமிழ் மொழியில் உயிரியல் கற்று மருத்துவராகும் பிள்ளைகள் உள்ள நாட்டில் இந்நிலை! தவளையின் குருதிச் சுற்றோட்டத்தை வரையத் தெரிந்த மாணவிக்குத் தன் கிணற்றடியிற் கத்துவது எந்தத் தவளை என்று தெரியாது.

தமிழிற் சொல் இல்லை என்று சொல்பவர் வரலாறு அறியாதவர். அமெரிக்க மிஷன் வைத்தியரான கிறீன் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே மானிப்பாயிலிருந்து மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1893 இல் வெளிவரத் தொடங்கிய றைமனின் இலங்கைத் தாவர நூலைப் புரட்டுங்கள். இலத்தீன் பெயருக்குக் கீழே சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் இருக்கும். வெள்ளைக்காரர் ஒருவர் எம் ஊரவரிடம் கேட்டு எழுதிக் கொண்ட பெயர்களை நாம் எம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. சொல் இருந்தது, சொல்லைக் காப்பாற்றும் ஸ்தாபனமே இல்லாது போயிற்று.

போரும் ஒரு காரணம். 1983 முதல் 2009 வரை எமது தலைமுறைக்குக் கடற்கரை தடைசெய்யப்பட்ட வலயம், காடு கண்ணிவெடி. பிள்ளைகள் வானத்தை அண்ணாந்து பார்த்தது பறவைக்காக அன்று, குண்டு விமானத்துக்காக. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் பெயரறிந்த முதியவர் பலர் மடிந்தனர், சிதறினர். இன்று எஞ்சியிருப்பவரிடம் கேட்டு எழுதாவிட்டால், இன்னும் இருபது ஆண்டுகளின் பின்னர் கேட்பதற்கு எவரும் இரார்.

* * *

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது? கட்டடம் கட்ட வேண்டாம். மந்திரியை அழைத்துத் திறப்பு விழா வைக்க வேண்டாம். வெளிநாட்டுத் தூதரகத்துக்கு விண்ணப்பம் எழுதவும் வேண்டாம். பம்பாய்ச் சங்கம் ஒரு கடையின் மூலையிற் தொடங்கியது. பரிஷத்து ஆசிரியர்களின் தோட்பையிற் தொடங்கியது.

ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு பெயரேடு தொடங்குவோம். பறவை, மரம், மீன், பூச்சி எதுவாயினும், ஊர்வழக்கிற் பெயர் என்ன, எந்த மாதத்திற் கண்டது, எங்கே, என்ன செய்து கொண்டிருந்தது என்பன அதில் இருக்க வேண்டும். முக்கியமாக, அதைச் சொன்னவர் யார் என்பது அவருடைய சம்மதத்தோடு எழுதப்படல் வேண்டும். துரைமாரின் ஏடுகளில் விடுபட்ட அந்தப் பெயர் எமது ஏட்டிலும் விடுபடலாகாது. தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் அவ்வேட்டை ஒருங்கிருந்து திருத்த வேண்டும். தமிழாசிரியருக்குப் பறவை தெரியாது. விஞ்ஞான ஆசிரியருக்கு வழக்குச் சொல் தெரியாது. இருவருக்கும் தெரியாதது மாணவனின் பாட்டனாருக்குத் தெரியும்.

ஏடு சேர்ந்ததும் ஒரு களப்பைப் பற்றிப் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு பிரசுரம். யாழ்ப்பாணத்தில் ஒன்று, மன்னாரில் ஒன்று, மட்டக்களப்பு வாவியைப் பற்றி ஒன்று, தோட்டத்து லயங்களைச் சூழ்ந்த மரஞ்செடி பற்றி ஒன்று. ஒரே பறவைக்கு மூதூர் முஸ்லிம் மீனவர் ஒரு பெயரும் பசறைத் தோட்டத் தொழிலாளி ஒரு பெயரும் சொல்லக்கூடும். எல்லாப் பெயரும் அச்சேறட்டும். எது ‘தூய’ பெயர் என்ற சண்டையைப் பண்டிதர்கள் பிறகு நடத்தட்டும். சிங்களத் தோழர்களின் நூல்களைத் தமிழிலும் எமதைச் சிங்களத்திலும் ஆக்க வேண்டும். வில்பத்துக் காட்டுக்கு இருமொழியும் ஒன்றே. விலை, ஒரு மாணவன் சிற்றுண்டிக்குச் செலவிடும் காசை விஞ்சலாகாது. விற்பதற்கு வெட்கப்படவும் ஆகாது.

இதில் ஆபத்தும் உண்டு. ஸ்தாபனம் வளரும்போது அறிவு வளர்வதை விட்டுக் கதிரைகள் வளரும். தலைவர், உபதலைவர், போஷகர் என்று பட்டியல் நீளும். ஊர்க்கதையை ஆராயாமல் விஞ்ஞானம் என்று அச்சிடும் சோம்பலும் வரும். ஆகவே ஒவ்வொரு கூற்றையும் கண்டறிந்தவர் ஒருவரேனும் மறுமுறை பார்த்து உறுதி செய்தாலன்றி அச்சிடலாகாது. பம்பாய்ச் சங்கத்திடமிருந்து நாம் கற்க வேண்டிய கண்டிப்பு அதுவே. மக்கள் மொழி என்பதற்காக மக்களுக்குப் பொய்யை மலிவாக விற்க உரிமையில்லை.

கடைசி வாங்கில் இருந்த அந்த மாணவன் உயர்தரத்திற் சித்தியடையவில்லை. இன்று தகப்பனோடு கடலுக்குப் போகின்றான். சென்ற மாரியில் அவனைக் கரையிற் கண்டு, ஒரு கொப்பியை நீட்டி, அன்று சொன்ன நாலு வகையையும் மறுபடி சொல்லும்படி கேட்டேன். “இப்ப மூண்டுதான் சேர் வருகுது” என்றான். எது வரவில்லை, எந்த ஆண்டிலிருந்து வரவில்லை என்று கேட்டு எழுதிக் கொண்டேன். அந்தக் கொப்பியின் முதற்பக்கத்தில் அவன் பெயர் இருக்கின்றது. இரண்டாம் பக்கத்தை நிரப்ப, நண்பர்களே, உங்கள் ஊரிலிருந்து யார் வருகின்றீர்கள்?